22 வயசு பாக்ஸ்டர் எஸ்: ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்கறேன், என்னென்ன பாக்கணும்?

ஆர்வக்கோளாறு | வியாழன், இரவு 10.52

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வாயைத் திறக்காம படிச்சுட்டு மட்டும் இருந்தவன். இப்பத் திறக்க வேண்டிய கட்டாயம்.

சொந்த ஊர் மதுரை, இருக்கறது லண்டன் ஹாரோ. பள்ளிக்கூடத்துல கணக்கு நோட்டு அட்டைக்குள்ள ஒட்டி வச்சிருந்த கார் போர்ஷே பாக்ஸ்டர். 1996ல வந்த முதல் தலைமுறை, 986ன்னு சொல்றாங்களே, அது. அன்னைக்கு அது கனவு. இன்னைக்கு இங்கிலாந்துல ஒரு நல்ல குடும்பக் கார் வாங்கற காசுக்குக் கீழயே கிடைக்குது. அதுதான் பயமாவும் இருக்கு.

பாத்து வச்சிருக்கறது: 2002 பாக்ஸ்டர் எஸ், 3.2 லிட்டர், ஆறு கியர் மேனுவல், 71,000 மைல், சாம்பல் நிறம். தனியார் விற்பனை. கேக்கறது 7,250 பவுண்டு. விளம்பரத்துல "முழு வரலாறு உண்டு, அருமையா ஓடும், ஏசிக்கு கேஸ் மட்டும் அடிச்சாப் போதும்"னு போட்டிருக்கு.

வீட்டுல போட்ட நிபந்தனை ஒண்ணே ஒண்ணு: பொண்ணோட நீச்சல் வகுப்புக் காசைத் தொடக்கூடாது. அதாவது வாங்கின மறுமாசம் எஞ்சின் வெடிச்சா நான் தொலைஞ்சேன்.

மூணு ராத்திரியா, எஞ்சினுக்குள்ள இருக்கற ஐ.எம்.எஸ். பேரிங் பத்திப் படிச்சுப் படிச்சுத் தூக்கம் போச்சு. அதைத் தவிர வேற என்ன பாக்கணும்? ஞாயிறு காலை 11 மணிக்குப் போறேன்.

எக்செல் மாமா | வியாழன், இரவு 11.31

வாங்க தம்பி. இந்தத் தலைமுறையைப் பத்தி 47 வரிசை இருக்கற ஒரு அட்டவணை என்கிட்ட இருக்கு. யாரும் சிரிக்க வேண்டாம்.

முதல்ல பயத்தைப் பிரிச்சுப் பாப்போம். இந்த எம்96 எஞ்சின்ல கிராங்க் (பிஸ்டன் சுத்தற தண்டு) நேரடியா கேம்களை (வால்வைத் திறக்கற தண்டுகளை) ஓட்டாது. நடுவுல ஒரு தண்டு இருக்கு, அதுதான் ஐ.எம்.எஸ்.; செயின் அது வழியாத்தான் போகுது. அந்தத் தண்டோட ஃப்ளைவீல் பக்க முனையைத் தாங்கறது சீல் பண்ணின ஒரு பால் பேரிங். வருஷம் ஆக ஆக சீல் கெட்டியாகும், எஞ்சின் ஆயில் உள்ள கசியும், பேரிங்குல இருந்த கிரீஸ் கரைஞ்சு போகும். அப்புறம் அந்தக் கெட்ட ஆயில் உள்ளயே தங்கி அரிக்கும். பேரிங் உதிர்ந்தா தண்டு ஆடும், செயின் தாவும், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். எஞ்சின் காலி.

ஆரம்பக் கார்கள்ல இரட்டை வரிசை பேரிங். 2000, 2001 வாக்குல ஒற்றை வரிசைக்கு மாத்தினாங்க. அந்த இடைப்பட்ட காலத்துக் கார்ல எது இருக்குன்னு சில சமயம் கியர்பாக்ஸை இறக்கினாத்தான் தெரியும். அமெரிக்காவுல இதுக்காக நடந்த கூட்டு வழக்கு 2013ல சமரசத்துக்கு வந்துச்சு. அந்த வழக்கைச் சொல்லித்தான் எல்லாரும் ஒற்றை வரிசைக்கு சுமார் 8 சதவீதம், இரட்டை வரிசைக்கு 1 சதவீதத்துக்கும் கீழேன்னு எண்ணிக்கை சொல்வாங்க. அந்த 8ஐ அப்படியே எடுத்துக்கிட்டாலும் 92 கார் உருண்டுக்கிட்டுத்தான் இருக்கு. உங்க 2002 ஒற்றை வரிசை.

இன்னொண்ணு. குறைஞ்ச மைல் கார்னா பத்திரம்னு நினைக்காதீங்க. வாரக்கணக்குல நின்னுட்டு, பக்கத்துக் கடைவரைக்கும் போய் வர்ற கார்லதான் ஆயில் சூடேறாம ஈரமும் அமிலமும் சேருது. தினம் மோட்டார்வேயில ஓடின 1,20,000 மைல் காரை நான் முதல்ல பாப்பேன்.

மியாட்டாக்காரி | வெள்ளி, காலை 7.14

ஏனுங்க, இவ்ளோ பயந்துட்டு எதுக்குங்க போர்ஷே? மாஸ்டா எம்.எக்ஸ்.5 வாங்கிட்டு நிம்மதியா இருங்க.

(சரி சரி, நீங்க கேட்டதுக்குப் பதில் அது இல்லைன்னு தெரியும்.)

ஆனா என் கதையச் சொல்றேன், பாடமாவது மிஞ்சட்டும். என்னோட முதல் எம்.எக்ஸ்.5 ரெண்டாம் தலைமுறை, செக்கச் செவேல்னு புது பெயின்ட். எஞ்சின் சத்தம் தையல் மிஷின் மாதிரி. நான் எஞ்சினையே கேட்டுட்டு நின்னுட்டனுங்க. கதவுக்குக் கீழ சக்கரம் வரைக்கும் ஓடுற சில்லு இருக்கில்லீங்க, அங்க குனிஞ்சே பாக்கல. அடுத்த எம்.ஓ.டி.ல (வருஷா வருஷம் காருக்குப் பண்ற தகுதிச் சோதனைங்க) சோதிக்கறவர் விரலால தட்டினாரு, "பொத்"துன்னு சத்தம். உள்ள இரும்பே இல்ல. பட்டி வச்சு நிரப்பி, மேல கருப்புத் தார் பூசி, அதுக்கு மேல பெயின்ட். ரெண்டு பக்கமும் வெட்டி வெல்டிங் வெக்க நான் குடுத்த காசுல நல்ல காரே வாங்கியிருப்பேன்.

அந்தக் கார்ல கூரை மடியற இடத்துல தண்ணி போறதுக்கு ஓட்டை இருக்கும். அதுல இலை அடைச்சா தண்ணி சில்லுக்குள்ள இறங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளிய தெரியறப்ப கதை முடிஞ்சிருக்கும். இப்ப பர்ஸுல ஃப்ரிட்ஜ் காந்தம் ஒண்ணு வச்சிருக்கேன். கிளி படம் போட்டது. பட்டி இருக்கற இடத்துல ஒட்டாது.

உங்க பாக்ஸ்டருக்கும் துணிக் கூரைதானே? அந்த ஓட்டையப் பாருங்க.

கராஜ் அண்ணை | வெள்ளி, மாலை 6.40

தம்பி, தங்கச்சி சொன்னதைப் பிடியுங்கோ. கடைசி வரிதான் முக்கியம்.

நான் முப்பது வருசம் வெம்ப்ளிப் பக்கம் கராஜ் வைச்சிருந்தனான். இப்ப முழங்கால் விடாது, அதாலை வாயாலை மட்டும்தான் வேலை. ஐ.எம்.எஸ். கதை பொய்யில்லை. அப்பிடி உடைஞ்ச எஞ்சின் மூண்டு என்ரை கையாலை கழட்டினனான். ஆனா பொக்ஸ்ரர் வாங்கிப்போட்டு அழுதுகொண்டு வந்த மிச்சச் சனம் எல்லாம் தண்ணியிலையும், துருப்பிடிச்ச பைப்பிலையும், முந்தின ஆளின்ரை கஞ்சத்தனத்திலையும்தான் காசு விட்டவை. எல்லாரும் ஐ.எம்.எஸ்.ஸைத்தான் பார்க்கினம், ஒருத்தரும் காப்பெற்றைத் தொட்டுப் பார்க்கிறேல்லை.

வீட்டை விட்டு வெளிக்கிட முதல் ரெண்டு வேலை. கார் நம்பரைப் போட்டு அரசாங்கத்தின்ரை எம்.ஓ.ரி. வரலாறைப் பாருங்கோ. ஒரு சதம் செலவில்லை, 2005இலை இருந்து எல்லாம் கிடக்கு. பாஸோ பெயிலோ எண்டதை விடுங்கோ. கீழை "அட்வைசரி" எண்டு, பிறகு கவனிக்கச் சொல்லி எழுதியிருப்பினம், அதை வருசம் வருசமா வாசியுங்கோ. ஒரே வரி மூண்டு தரம் வந்தா அந்த ஆள் காருக்குச் செலவழிக்க மாட்டார் எண்டு விளங்கும். மைல் கணக்கும் அதிலை வரும், கூடிக் குறைஞ்சால் தெரியும்.

ரெண்டாவது, விக்கிறவருக்கு இண்டைக்கே போன் எடுத்து "நான் வந்து சேருமட்டும் எஞ்சினை ஸ்ராட் பண்ணாதேங்கோ" எண்டு சொல்லுங்கோ. போனவுடனை வணக்கம் சொல்ல முதல் புகைக்குழாயைத் தொட்டுப் பாருங்கோ. பின் பூட்டை, அதான் பின்னாலை சாமான் வைக்கிற இடத்தை, திறந்து அதின்ரை தரையிலை கை வையுங்கோ. எஞ்சின் அதுக்கு முன்னாலைதான் கிடக்கு, சூடா இருந்தா தெரியும். சூடா இருந்தா ஏதோ மறைக்கிறார்.

குளிரிலை ஸ்ராட் பண்ணேக்கை பின்னாலை நில்லுங்கோ, உள்ளை ஏறாதேங்கோ. ஆறு சிலிண்டரும் படுத்துக் கிடக்கிற எஞ்சின், அதாலை கொஞ்ச ஒயில் உள்ளை வடிஞ்சு ஒரு முறை "புஸ்" எண்டு புகை வாறது வழமை. ஒண்டு ரெண்டு செக்கன் கடகட எண்டாலும் பயமில்லை. ஆனா வெள்ளைப் புகை தெருவை மறைச்சு நிண்டுகொண்டே இருந்தா, ஒயிலையும் காத்தையும் பிரிக்கிற சாமான் பழுதாப் போட்டுது. கடகடப்பு நிக்காட்டி செயினை இறுக்கிப் பிடிக்கிற ரென்ஷனர் பழுது. பின் பூட்டுக்குள்ளை ஒயில் ஊத்துற மூடி இருக்கு, எஞ்சின் ஓடேக்கை அதைத் திறந்து பாருங்கோ. கையை உறிஞ்சிப் பிடிக்கிற மாதிரி இழுத்தாலும் அதே வருத்தம்தான்.

அந்த ஒயில் ஊத்துற குழாய்க்குள்ளை மயோனைஸ் மாதிரி வெள்ளையாக் கிடந்தா உடனை ஓடி வராதேங்கோ. கிட்டக் கிட்ட ஓடுற காரிலை ஈரம் சேர்ந்து வாறது அது. ஆனா கார் எப்பிடி ஓடினது எண்டு அது சொல்லிப்போடும்.

இனித் தண்ணி. கூரையைப் பாதி திறந்து நிப்பாட்டி, பின் மூலை ரெண்டிலையும் ரோச் அடியுங்கோ. தண்ணி போற ஓட்டை இருக்கும். அது அடைச்சா தண்ணி உள்ளை வந்து காப்பெற்றுக்குக் கீழை தேங்கும். இருக்கைக்கு அடியிலைதான் அலாரமும் சென்ரல் லொக்கும் பார்க்கிற பெட்டியை வைச்சிருக்கிறான், ஜெர்மன்காரன்ரை மூளை. அது நனைஞ்சா கார் ஸ்ராட் ஆகாது, திறப்பும் வேலை செய்யாது. காப்பெற்றை ரிசுவாலை அமத்திப் பாருங்கோ.

முன் பம்பரிலை ரெண்டு பக்கமும் காத்துப் போற வாய் இருக்கு. ரோச் அடிச்சா உள்ளை ஏசிக் கொண்டென்சர், அதுக்குப் பின்னாலை ரேடியேற்றர். பத்து வருசத்து இலை அழுகிக் கிடக்கும், அந்த ஈரம் அலுமினியத்தைத் தின்னும். "கேஸ் மட்டும் அடிச்சாப் போதும்" எண்டு எழுதியிருக்கெண்டீங்கள். கேஸ் எங்கை போனது எண்டு கேளுங்கோ. அவ்வளவு லேசெண்டால் அவரே அடிச்சுப்போட்டு ஐந்நூறு பவுண் கூட்டி வித்திருப்பார்.

ஆர்வக்கோளாறு | வெள்ளி, இரவு 9.05

அண்ணே, கும்பிடறேன். எம்.ஓ.டி. வரலாறு பாத்துட்டேன்.

2019, 2021, 2022 மூணுலயும் "பின்பக்க பிரேக் பைப் துருப்பிடித்துள்ளது"ன்னு அட்வைசரி. 2020 காணோம். 2023ல அதே பைப்புக்காக ஃபெயில், ரெண்டு நாள் கழிச்சு பாஸ். மைல் ஏறுமுகமாத்தான் இருக்கு, ஆனா 2016லேருந்து இன்னிவரைக்கும் மொத்தமே 11,000 சொச்சம்தான். விக்கிறவர் போன்ல ரொம்ப மரியாதையா பேசினார். எஞ்சினைத் தொடமாட்டேன்னு சொல்லிட்டார். ஐ.எம்.எஸ். 2015ல மாத்தின ரசீது இருக்காம்! குதிச்சுட்டேன்.

கராஜ் அண்ணை | வெள்ளி, இரவு 9.48

குதியுங்கோ, ஆனா இறங்கியும் வாங்கோ.

பிரேக் பைப்பை மூண்டு வருசம் எழுதியும் செய்யேல்லை, பெயிலாகினாப் பிறகுதான் செய்தவர். ஆள் ஆர் எண்டு விளங்குது. பொக்ஸ்ரரின்ரை உடம்பு முழுக்கத் துத்தநாகம் பூசினது, எம்.எக்ஸ்.5 மாதிரி லேசிலை துருப்பிடிக்காது. அதாலை கதவிலையோ மட்காட்டிலையோ துருவைக் கண்டா அது அடிபட்டுத் திருத்தின கார் எண்டு நினையுங்கோ. ஆனா கீழை ஓடுற பைப், சைலன்சர் போல்ட், சஸ்பென்ஷன் போல்ட் எல்லாம் சாதாரண இரும்பு. இங்கத்தை ரோட்டுக்குப் போடுற உப்பு சும்மா விடாது.

இன்னொரு விசயம். இன்ஸ்பெக்‌ஷன் செய்யிற ஆளிட்டை எஞ்சின் கொம்பியூட்டரிலை "ஓவர்ரெவ்" கணக்கை, அதான் எஞ்சின் எல்லை மீறிச் சுத்தின கணக்கை, எடுக்கச் சொல்லுங்கோ. ரெண்டு வகுப்பு இருக்கும். முதலாவது, ஆக்சிலரேற்றரை அமத்தி எல்லைவரை போனாலே ஏறும், பெரிசா எடுக்கத் தேவையில்லை. ரெண்டாவதுதான் வில்லங்கம். வேகமாப் போகேக்கை மேல் கியருக்குப் பதிலா கீழ் கியரைப் போட்டுவிட்டாத்தான் அது ஏறும். எஞ்சினாலை தானா அந்த வேகத்துக்குப் போக ஏலாது.

எக்செல் மாமா | வெள்ளி, இரவு 10.20

அண்ணன் சொன்னதுக்கு ஒரு கணக்கு. அந்த எண்ணிக்கை இக்னிஷன் பொறியோட எண்ணிக்கை. ஆறு சிலிண்டர் எஞ்சின்ல ஒரு சுத்துக்கு மூணு பொறி. அதனால 30ன்னு காட்டினா பத்தே சுத்து, ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு கூட இல்ல. எத்தனையாவது மணி நேரத்துல நடந்ததுன்னும் பதிவு இருக்கும். கார் மொத்தம் 2,000 மணி நேரம் ஓடியிருந்து, தப்பு 400ல நடந்திருந்தா, அதுக்கப்புறம் 1,600 மணி நேரம் தாங்கியிருக்குன்னு அர்த்தம். போன மாசம் நடந்திருந்தா வேண்டாம்.

காகிதம்: வி5சி (காரோட பதிவுத் தாள்) விக்கிறவர் பேருல, அதே முகவரியில இருக்கணும். அதுல பேரு இருக்கறதால மட்டும் அவர் உரிமையாளர் ஆகிட மாட்டார், அந்தத் தாள்லயே எழுதியிருக்கும். கடன் பாக்கி, விபத்துல அடிபட்டு இன்சூரன்ஸ்காரங்க தேறாதுன்னு தள்ளினதா இல்லையான்னு காசு கட்டிப் பாத்துடுங்க. 2017 அக்டோபருக்கு முன்னாடி அடிபட்டதுன்னா சி, டி-ன்னு வகை போட்டிருக்கும், பின்னாடின்னா எஸ், என்.

ஹாரோங்கறதால யூலெஸ், அதாவது புகை அதிகம் விடற வண்டிக்கு லண்டன்ல போடற கட்டணம். 2023 ஆகஸ்ட் 29லேருந்து லண்டன் முழுக்க வந்தாச்சு. இந்த வயசுக் கார்ல சிலது தப்பிக்கும், சிலது மாட்டும். யார் சொன்னாலும் நம்பாம அந்த நம்பரையே போட்டுப் பாருங்க. மாட்டினா ஓட்டற நாளுக்கு 12.50 பவுண்டு.

தனியார்கிட்ட வாங்கினா, சொன்னபடி கார் இருக்கான்னுதான் பெரும்பாலும் சட்டம் பாக்கும். டீலர்கிட்டன்னா 2015 சட்டப்படி, குறை இருந்தா 30 நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாம். அந்தப் பாதுகாப்புக்கும் சேத்துத்தான் டீலர் விலை.

சும்மா வந்தேன் | சனி, காலை 6.02

சென்னையிலிருந்து. இவ்வளவு மலிவா? அப்படியே கப்பல்ல ஏத்திவிட முடியுமா சார்?

எக்செல் மாமா | சனி, காலை 8.15

முடியாதுங்க. பழைய கார் இறக்குமதி பண்ணனும்னா தயாரிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. வரி தனி. மறந்துடுங்க.

டொராண்டோ உப்பு | சனி, மாலை 4.33

எங்க ஊர் உப்புக்கு உங்க ஊர் உப்பு ஊறுகாய்.

ஒண்ணு விட்டுப்போச்சு: சிலிண்டர் சுவர்ல கீறல். 3.4, 3.8 எஞ்சின்ல அதிகம், 3.2ல குறைவு, ஆனா இல்லாம இல்ல. ஓட்டிட்டு வந்து ரெண்டு பக்கச் சிலிண்டர்ல ஒரு பக்கம் மட்டும் "டிக் டிக்"குன்னா, ஆயில் நிறைய குடிக்குதுன்னா சந்தேகம். நிச்சயமாத் தெரியணும்னா சின்ன கேமராவை உள்ள விட்டுப் பாக்கணும். கீழேயிருந்து விட்டுப் பாக்கறவரா தேடுங்க, பிளக் ஓட்டை வழியா மட்டும் பாத்தா கீறல் கண்ணுல படாமப் போகலாம்.

லிஃப்ட்ல ஏத்தாத காரை நான் காசு குடுத்து வாங்கினது ஒரே தடவை. அது போதும்.

ஆர்வக்கோளாறு | ஞாயிறு, இரவு 8.47

போய்ட்டு வந்தாச்சு. உக்காருங்க, நீளமா இருக்கும்.

கார் நின்ன இடம் ஒரு பெரிய மரத்துக்குக் கீழ. அப்பவே அண்ணன் ஞாபகம் வந்துச்சு. ஆனா கார் பளபளப்பா இருந்துச்சு, சத்தியமா சொல்றேன், ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துட்டேன். நோட்டு அட்டையில இருந்தது அப்படியே எந்திரிச்சு வந்து நிக்குது.

புகைக்குழாயைத் தொட்டேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. "காலையில கழுவறதுக்கு நகர்த்தினேன்"னார். சரின்னு பின் பூட்டைத் திறந்தேன். அந்தத் தரை இட்லிச் சட்டி மூடி மாதிரி. நகர்த்தினதுல அவ்வளவு சூடு வராது. ஒண்ணும் சொல்லல, சிரிச்சுக்கிட்டேன்.

சூடான எஞ்சின் நல்லா ஸ்டார்ட் ஆச்சு. ஆகாம?

கூரை: இது பிளாஸ்டிக் ஜன்னல் காலத்துக் கார் (கண்ணாடி 2003 மாடல்லதான் வந்துச்சு). கைப்பிரேக் போட்டாத்தான் கூரை நகரும்னு தெரியாம ரெண்டு நிமிஷம் பட்டனை அமுக்கிட்டு இருந்தேன், மானம் போச்சு. பாதியில நிறுத்தி, அந்த பிளாஸ்டிக் மடிப்பு விழற இடத்துல கையோட ஓரத்தால தட்டிவிடணுமாம், இல்லன்னா கோணலா மடிஞ்சு வெடிக்கும். அவருக்கு அது தெரியல. பத்து வருஷம் வச்சிருந்தவர். ஜன்னல்ல நட்டநடுவுல வெள்ளையா ஒரு வெடிப்பு.

மூலையில டார்ச் அடிச்சேன். அண்ணே, ஓட்டை இருக்கான்னு கேட்டீங்களே, அங்க ஒரு செடி இருந்துச்சு. விளையாட்டா சொல்லல. அழுகின இலை மண்ணாகி, அதுல ரெண்டு இலை விட்ட கன்னு. இடது பக்க சீட்டுக்குப் பின்னாடி டிஷ்யூவை வச்சு அமுக்கினா நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. "நேத்து மழை"ன்னார். நேத்து மழை இல்ல.

டயர் நாலும் நாலு கம்பெனி. பின் டயர்ல தேதி எண் 3609. அதாவது 2009ம் வருஷம் 36வது வாரம். பட்டன் பட்டனா பள்ளம் நல்லா ஆழமா இருக்கு, சொல்லப்போனா புதுசு மாதிரி இருக்கு, ஓரத்துல மட்டும் வெடிப்பு ஓடுது.

இப்ப ஃபைல். கனமான ஃபைல். ஐ.எம்.எஸ். ரசீது நிஜம்: 2015, 59,000 மைல், கிளட்ச், ரியர் மெயின் சீல் (எஞ்சினோட கியர்பாக்ஸ் பக்க ஆயில் சீல்) எல்லாம் சேத்து மாத்தியிருக்கு, பேரிங்கோட சீரியல் ஸ்டிக்கர் கூட ஒட்டியிருக்கு. அதை முதல் பக்கமா வச்சிருக்கார். அதுக்குப் பின்னாடி 2002லேருந்து 2008 வரைக்கும் அழகான ரசீதுகள், முதல் உரிமையாளரோடது. 2015க்கு அப்புறம்? ஒன்பது வருஷத்துல ரெண்டே ரெண்டு ஆயில் மாத்தின ரசீது. பிரேக் திரவம் ஒண்ணுமே இல்ல. மிச்சக் கனமெல்லாம் இன்சூரன்ஸ் கடுதாசி.

ஓட்டும்போது வேகத்தடையில முன்னாடி "டொக்"குன்னுச்சு. ஆனா நெடுஞ்சாலையில நாலாயிரம் ஆர்.பி.எம். தாண்டினதும் முதுகுக்குப் பின்னாடி அந்தச் சத்தம் மாறுது பாருங்க... எப்படிச் சொல்றது. திரும்பி வரும்போது பேசவே முடியல.

விலையை 6,000க்கு இறக்கறேங்கறார். ஐ.எம்.எஸ். முடிஞ்சது, மிச்சமெல்லாம் சில்லறை வேலைங்கறார். நாளைக்குப் பதில் சொல்லணும்.

எக்செல் மாமா | ஞாயிறு, இரவு 9.15

6,000ன்னா கணக்கு இடிக்கல. டயர் நாலு, முன் சஸ்பென்ஷன் ஆர்ம், கூரை ஜன்னல், கண்டென்சர், எல்லாம் போட்டாலும் கட்டுப்படியாகும். பெரிய செலவு ஏற்கனவே ஆயிடுச்சு. இன்ஸ்பெக்‌ஷன் பண்ணிட்டு 5,500க்கு வாங்கலாம்ங்கறது என் கட்சி.

கராஜ் அண்ணை | ஞாயிறு, இரவு 9.52

மாமா, உங்கடை அட்டவணையிலை செடிக்கு ஒரு வரிசை கிடக்கோ?

அந்தப் பேரிங் 2015இலை போட்டது நல்ல விசயம். ஆனா மாத்துற பேரிங்குக்கும் ஆயுள் உண்டு, அதுக்கும் துப்புரவான ஒயில் வேணும். ஒன்பது வருசத்திலை ரெண்டு தரம் ஒயில் மாத்தின எஞ்சினுக்கை அது என்ன பாடுபட்டிருக்கும்? எட்டு லீற்றருக்கு மேலை ஒயில் பிடிக்கிற எஞ்சின், அந்தக் காசைப் பார்த்துத்தான் அவர் விட்டவர். ஒயிலுக்கே பார்க்கிறவர் கூலன்ட் மாத்தியிருப்பாரோ? தண்ணிப் பம்ப் உள்ளை பிளாஸ்ரிக் விசிறி, அது உடைஞ்சு துண்டு துண்டா எஞ்சினுக்கை போனா எங்கை தேடுவியள்?

எஞ்சினைச் சூடாக்கி வைச்சது பெரிய குற்றமில்லை எண்டு சிலர் சொல்லுவினம். ஆனா தொடாதேங்கோ எண்டு கேட்டு, ஓமெண்டு சொல்லிப்போட்டுச் செய்தவர். நேத்து மழை எண்டும் சொன்னவர். நனைஞ்ச பெட்டி ஒரு நாளைக்கு நிக்கும், எண்டைக்கு எண்டு தெரியாது. அண்டைக்குப் பிள்ளையின்ரை நீச்சல் காசுதான்.

மியாட்டாக்காரி | ஞாயிறு, இரவு 10.08

அந்த முதல் காரை வாங்கற அன்னிக்கு எனக்கும் திரும்பி வர்றப்ப பேச முடியலீங்க. அதேதான்.

ஆர்வக்கோளாறு | திங்கள், காலை 8.30

வேண்டாம்னு சொல்லிட்டேன். மரியாதையா "சரி, இன்னொருத்தர் வர்றார்"னார். வரட்டும்.

செடியை மட்டும் பிடுங்கிட்டு வந்திருக்கலாம்.

ஆர்வக்கோளாறு | ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 5.20

இழையை மேல கொண்டு வர்றேன், மன்னிக்கணும். வாங்கிட்டேன்.

எஸ் இல்ல. 2001, 2.7 லிட்டர், அஞ்சு கியர், 1,18,000 மைல். நிறம் பச்சை, உள்ள பழுப்புத் தோல். வீட்டுல பாத்துட்டு "கொத்தமல்லித் துவையல்"னு பேரு வச்சாச்சு. 5,400 பவுண்டு.

விக்கறவர் ஓய்வு பெற்ற வாத்தியார். தினம் பள்ளிக்கூடத்துக்கு இதுலதான் 26 மைல் போய் வந்திருக்கார். நான் போனப்போ புகைக்குழாய் சில்லுன்னு இருந்துச்சு. ஸ்டார்ட் பண்ணினதும் "புஸ்"னு ஒரு புகை, ஒரு நொடி கடகட, அப்புறம் அமைதி. "பயந்துடாதீங்க, அது அப்படித்தான்"னு அவரே சொன்னார். எம்.ஓ.டி.ல ஒரு வருஷம் வந்த அட்வைசரி அடுத்த வருஷம் இல்ல, ஒவ்வொண்ணுக்கும் ரசீது. நாலு டயரும் ஒரே கம்பெனி. ஒரு சின்ன நோட்டுல ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஆயில் ஊத்தினார்னு பென்சில்ல எழுதி வச்சிருக்கார்.

லிஃப்ட்ல ஏத்தி இன்ஸ்பெக்‌ஷன் பண்ண 240 பவுண்டு குடுத்தேன். கீழேயிருந்து கேமரா விட்டுப் பாத்தாங்க, சுவர் சுத்தம். ஓவர்ரெவ் ரெண்டாவது வகுப்புல 14, அதுவும் 310வது மணி நேரத்துல. இப்ப கார் 3,400 மணி நேரம் தாண்டியாச்சு. மாமா, வகுத்துப் பாத்துட்டேன், அஞ்சு சுத்துக்கும் கீழ. ஆயில் ஃபில்டரைப் பிரிச்சு விரிச்சுப் பாத்தாங்க, மினுமினுப்பு இல்ல. குறைன்னா ரியர் மெயின் சீல்ல லேசாக் கசிவு, ஒரு பின் ஸ்பிரிங் நுனி உடைஞ்சிருக்கு, கூலன்ட் டேங்க்ல மெல்லிசா விரிசல், ஏசி இல்ல. "ஏசி செத்துப் போய் ஆறு வருஷம் ஆச்சு, கூரையைத் திறந்துக்குவேன்"னார். நேர்மை.

யூலெஸ் தளத்துல இந்த நம்பருக்குக் கட்டணம் இல்லன்னு வந்துச்சு.

ஐ.எம்.எஸ். மாத்தல. ஒற்றை வரிசையா இரட்டை வரிசையான்னும் தெரியாது. கிளட்ச் இன்னும் ஒரு வருஷம் வரும்னாங்க. கியர்பாக்ஸை இறக்கும்போது கிளட்ச், சீல், பேரிங் மூணையும் ஒண்ணா பாத்துக்கலாம்னு அதுக்கு மட்டும் தனியா காசு எடுத்து வச்சிருக்கேன். இப்ப ராத்திரி தூங்கறேன்.

அண்ணே, ஒரு கேள்வி. கூரை மூலை ஓட்டை ரெண்டுலயும் தண்ணி ஊத்திப் பாத்தேன். வலது பக்கம் கடகடன்னு கீழ இறங்குது. இடது பக்கம் நின்னு நின்னு போகுது. உள்ள கம்பி விட்டுக் குத்தலாமா?

கராஜ் அண்ணை | சனி, மாலை 6.03

கம்பி வேண்டாம் தம்பி. உள்ளை றப்பர் குழாய், ஓட்டை விழுந்தா தண்ணி நேரை காருக்கைதான் வரும். தோட்டத்திலை புல்லு வெட்டுற மிஷினுக்குப் போடுற நைலோன் நூல் இருக்கெல்லோ, அதிலை மூண்டடி வெட்டி, நுனியை நெருப்பிலை காட்டி உருட்டிப்போட்டு மெதுவா விடுங்கோ. முதல் மேலை கிடக்கிற குப்பையைக் கையாலை அள்ளுங்கோ, தள்ளி உள்ளை விடாதேங்கோ.

நாளைக்கு மத்தியானத்துக்குப் பிறகு மழை எண்டு சொல்லுறான். காலமையே செய்யுங்கோ. துவையலை ஒருக்கா இந்தப் பக்கமும் கொண்டு வாங்கோ, பார்ப்பம்.